முதுகில் ஊசி, வாயில் களிம்பு

ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ஒரு ராத்திரி விட்டுவைத்தால் மறுநாள் அதில் ஒரு பச்சைக் கசப்பு ஏறியிருக்கும். காசை வாயில் போட்டதுபோல நாக்கு கூசும். எங்கள் பக்கத்தில் அதற்குக் களிம்பு என்ற ஒரு சொல் போதும். போன வருடம் என் பெரியம்மா முதுகில் ஊசி போட்டுக்கொண்டு வந்த மறுநாள் காலையில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு அந்தச் சொல்லைத்தான் சொன்னார். "டம்ளர்ல களிம்பு ஏறியிருக்குப்பா." டம்ளர் எவர்சில்வர்.

பெரியம்மாவுக்கு நாக்கும் மூக்கும்தான் தொழில். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று கூடை கூடையாகப் போகும். அடுப்புக்கு முன்னால் முப்பது வருடம் குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கி, வலது கெண்டைக்கால் வரை வலி இறங்கிவிட்டது. மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் அடங்காமல் போகவே, மதுரைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டோம். நாலாம் நாள் கால்வலி பாதியாகக் குறைந்தது. அதே நாலாம் நாள், புதிதாகப் பிரித்த 15 கிலோ கடலை எண்ணெய் டின்னை மோந்து பார்த்துவிட்டு, சிக்கு அடிக்கிறது என்று கடைக்கே திருப்பி அனுப்பினார். இருபது வருடமாக எண்ணெய் வாங்கும் கடை. கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். நானும் அந்த எண்ணெயை மோந்து பார்த்தேன். பசுங்கடலை மணம் அப்படியே இருந்தது.

நான் பார்மசி படித்தவன், மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "முதுகு ஊசிக்கு அப்புறம் வாய் ஒரு மாதிரியா இருக்கு" என்று கவுண்ட்டரில் தயங்கித் தயங்கிச் சொல்பவர்களை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். வலிக்கு ஊசி போட்ட டாக்டரிடம் காப்பி கசக்கிறது என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம் அவர்களுக்கு. பெரியம்மாவுக்கும் அதே வெட்கம்தான். அதனால்தான் இதை முதலிலிருந்து விளக்கி எழுதுகிறேன்.

அந்த ஊசி எங்கே போகிறது

தண்டுவடத்தைச் சுற்றி ஒரு கெட்டியான உறை இருக்கிறது. அந்த உறைக்கு வெளியே, முதுகெலும்புக்கு உள்ளே, கொழுப்பும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களும் நிறைந்த ஓர் இடைவெளி உண்டு. அதற்கு எபிடியூரல் இடைவெளி என்று பெயர். கால்களுக்குப் போகும் நரம்புகளின் வேர்கள் அந்த வழியாகத்தான் வெளியே வருகின்றன. டிஸ்க் பிதுங்கும்போது அந்த வேர் நசுங்குவது மட்டுமில்லை, வீங்கிச் சிவந்தும் போகிறது. அந்த வீக்கத்தை அடக்கத்தான் ஊசி. சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கி, சரியான இடம்தானா என்று உறுதிசெய்ய அயோடின் கலந்த சாயம் கொஞ்சம் விட்டு, அதன் பிறகு மருந்தைச் செலுத்துவார்கள்.

பெரும்பாலும் அது ஒற்றை மருந்தாக இருக்காது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் போன்ற ஒன்றும், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். மெத்தில்பிரெட்னிசலோன், டிரையாம்சினலோன், டெக்ஸாமெத்தசோன் ஆகியவைதான் வழக்கமாகப் பயன்படும் ஸ்டீராய்டுகள். முதல் இரண்டும் பொடி மிதக்கும் பால்போல இருக்கும். போட்ட இடத்தில் படிந்துகிடந்து மெல்ல மெல்லக் கரையும். டெக்ஸாமெத்தசோன் தெளிந்த தண்ணீர்போல இருக்கும்.

இந்த வைத்தியம் நேற்று வந்ததில்லை. கீழ்முதுகு வழியாக இந்த இடைவெளிக்குள் மரப்பு மருந்து செலுத்தும் முறையை 1901-இல் பாரிஸில் கண்டுபிடித்தார்கள். ஸ்டீராய்டை அங்கே செலுத்தத் தொடங்கியது 1950-களின் தொடக்கத்தில்.

எல்லோரும் பயந்துபோய்க் கேட்கிற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் இறங்கிய ஊசி நாக்கு நரம்பைக் குத்தியிருக்க வழியே இல்லை. சுவையைக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்து வருபவை அல்ல. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது ஆகிய மூன்றும்தான் சுவைக்கானவை. வாசனைக்கானது முதல் ஜோடி. அவை மண்டையோட்டிலிருந்து நேரே முகத்துக்கும் தொண்டைக்கும் வருகின்றன, முதுகுப்பக்கம் வருவதே கிடையாது. அப்படியானால் இடுப்பில் போட்ட மருந்து நாக்குக்கு எப்படி வந்தது? ரத்தத்தின் வழியாக. அந்த இடைவெளியில் ரத்தக்குழாய்கள் நிறைய என்று சொன்னேன் அல்லவா, போட்ட மருந்தில் ஒரு பங்கு அவற்றின் வழியே உடம்பு முழுக்கப் போய்ச் சேரும்.

ரத்தத்தில் ஓடும் மருந்தை நாக்கு ருசிக்குமா என்று சந்தேகம் வரலாம். ருசிக்கும். இதய நோயைக் கண்டறிய இன்றுபோல் கருவிகள் இல்லாத காலத்தில், டாக்டர்கள் இதையே ஒரு சோதனையாக வைத்திருந்தார்கள். கை நரம்பில், அதாவது ரத்தக்குழாயில், சாக்கரின் கரைசலை ஏற்றிவிட்டு, வாய் இனிக்கும்போது சொல்லச் சொல்வார்கள். நல்ல இதயம் என்றால் பத்துப் பதினைந்து விநாடியில் இனித்துவிடும். நேரமானால் ரத்த ஓட்டம் மந்தம் என்று கணக்கு. வாயில் ஒரு துளிகூடப் படாமல் அந்த இனிப்பு வரும். நம் ஊரில் பி காம்ப்ளெக்ஸ் ஊசியை நரம்பில் ஏற்றிக்கொண்டவர்களுக்கு இது தெரிந்த அனுபவம். ஊசி பாதி ஏறும்போதே மூக்கில் மாத்திரை வாடை வரும்.

நாக்கு பாதி, மூக்கு பாதி

இதை நீங்களே செய்து பாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தருவார்களே, சர்க்கரைப் பூச்சுப் போட்ட சோம்பு, அதில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டு மெல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். வாயில் இருப்பது சோம்பா, சீரகமா, வெறும் சர்க்கரையா என்று சொல்ல முடியாது. இப்போது விரலை எடுங்கள். சோம்பு சட்டென்று வந்து நிற்கும். மெல்லும்போது எழும் ஆவி தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கின் மேல்கூரையைத் தொடும்போதுதான் நமக்கு மணம் தெரிகிறது. 'ருசி' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் மூக்கின் வேலை.

நாக்குக்கென்று இருப்பவை ஐந்தே சுவை: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி என்று சொல்லப்படும், கறிச்சாற்றிலும் காளானிலும் இருக்கிற அந்த ஆழ்ந்த ருசி. அறுசுவையில் நாம் எண்ணும் கார்ப்பும் துவர்ப்பும் விஞ்ஞானக் கணக்கில் சுவைகள் அல்ல. துவர்ப்பு, வாயின் தோல் வறண்டு இழுபடும் உணர்ச்சி. காரம், சூட்டையும் வலியையும் அறியும் நரம்பின் வேலை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், சூடு பட்டால் திறக்கும் அதே கதவைத் திறக்கிறது. அந்தக் கதவை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செட்டிநாட்டுச் சமையலைச் சாப்பிடுபவர்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஊசிக்குப் பிறகு சுவை மங்கினாலும் காரம் மங்காது, ஏனென்றால் அது வேறு நரம்பு. அதனால் மணமும் ருசியும் தெரியாமல் உறைப்பு மட்டும் தனியாக எரியும். "மிளகாய் மட்டும் சாப்பிடுற மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அவர் மிகச் சரியாகத்தான் சொல்கிறார்.

பெரியம்மாவுக்கும் நான் சோம்புச் சோதனை செய்தேன். மூக்கைப் பிடித்திருந்தபோது இனிப்பு முழுசாகத் தெரிந்தது. விரலை எடுத்ததும் முகம் சுளித்தார். "சோம்பு இல்ல இது, ரப்பர் கருகின வாடை." நாக்கு இனிப்பைச் சரியாகவே சொல்லியது, வாசனைதான் திரிந்திருந்தது. இருக்கிற வாசனையை வேறாகக் காட்டுவதை மருத்துவத்தில் பரோஸ்மியா என்பார்கள். இல்லாத வாசனை வருவது பேண்டோஸ்மியா. வாயில் சுவை திரிவது, அதாவது அந்தக் களிம்பு, டிஸ்கூசியா. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் டாக்டரிடம் போகும்போது, "வாய் சரியில்ல" என்று மொத்தமாகச் சொல்வதைவிட, மாறியது நாக்கா மூக்கா என்று பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

எப்போது ஆரம்பித்தது?

என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது ஆரம்பித்தது என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஆபரேஷன் தியேட்டரில் மேசைமேல் படுத்திருக்கும்போதே வாயில் உலோகச் சுவை வந்தால், அது ஸ்டீராய்டின் வேலையாக இருப்பது அபூர்வம். மரப்பு மருந்து ரத்தக்குழாய்க்குள் நேராகப் போயிருக்கலாம். லிக்னோகெயின் ரத்தத்தில் அளவு மீறினால் முதலில் காட்டும் அறிகுறிகளில் ஒன்று வாயில் இரும்புச் சுவை. கூடவே உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், காதில் ரீங்காரம் கேட்கும், தலை லேசாகச் சுற்றும். இது இன்னும் ஏறினால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரை போகக்கூடியது. அதனால் மேசையில் படுத்திருக்கும்போது இதில் எது வந்தாலும் அந்த நொடியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "டாக்டர் வேலையா இருக்காரு, முடியட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. கழுத்தில் போடும் ஊசிக்கு இது இன்னும் முக்கியம். அங்கே மூளைக்கு நேராகப் போகும் ரத்தக்குழாய்கள் பக்கத்திலேயே ஓடுகின்றன, சொட்டு மருந்துகூடக் கணக்கில் வரும். எக்ஸ்ரேயில் காட்டும் சாயத்துக்கும் இந்தக் குணம் உண்டு. சி.டி. ஸ்கேனுக்காக நரம்பில் அதிக அளவில் ஏற்றும்போது உடம்பு சூடாகி, வாய் துரு பிடித்ததுபோல இருக்கும். முதுகு ஊசியில் விடுவது ஓரிரு மில்லிதான் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

அன்று சாயங்காலமோ மறுநாளோ அதையடுத்த சில நாட்களிலோ ஆரம்பித்தால், ஸ்டீராய்டைச் சந்தேகிக்கலாம். பெரியம்மா கதை இந்த வகை.

அளவைப் பார்த்தால் ஏன் என்று புரியும். நம் உடம்பிலேயே அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகிராம். ஊசியில் போகும் மெத்தில்பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம் என்றால், கார்டிசால் கணக்கில் அது 200 மில்லிகிராமுக்குச் சமம். பத்து நாளுக்கு மேல் சுரக்க வேண்டியதை ஒரே இடத்தில் கொட்டி வைத்த மாதிரி. 80 போட்டால் அதில் இரட்டிப்பு. மெல்லக் கரைவதால் ஒரே நாளில் உடம்பில் பாயாது, ஆனால் முதல் சில நாட்கள் வழக்கத்தைவிட அதிகமாகவே ஓடும். முகம் சிவந்து சூடாவது, தூக்கம் வராமல் புரள்வது, விக்கல், பசி, படபடப்பு எல்லாம் அந்த நாட்களில் வருவது இதனால்தான். மருந்தோடு வரும் துண்டுச்சீட்டில் இவை முன்வரிசையில் இருக்கும். சுவையும் வாசனையும் கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஆனால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நரம்பு மண்டல நோய்களுக்காக இதே மெத்தில்பிரெட்னிசலோனைப் பெரிய அளவில் நரம்பில் ஏற்றிக்கொள்பவர்கள் வாயில் உலோகச் சுவை வருவதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். அங்கே அது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு.

கார்டிசாலுக்கும் சுவைக்கும் உறவு இருப்பது புதிய செய்தியும் இல்லை. அட்ரினல் சுரப்பி செயலிழந்து கார்டிசால் இல்லாமல் போனவர்களை 1960-களில் அமெரிக்காவில் சோதித்தார்கள். சாதாரண மனிதர்களுக்குத் தெரியவே தெரியாத அளவு மிகமிகக் குறைந்த உப்பையும் இனிப்பையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததும் அந்தக் கூர்மை இயல்புக்குத் திரும்பியது. எலிகளின் சுவை அணுக்களிலேயே இந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பதையும் பின்னர் பார்த்திருக்கிறார்கள். ஆக, கார்டிசாலின் அளவு ஏறினாலும் இறங்கினாலும் அது நாக்கையும் தொடும்.

மூக்கில் ஒரு வேடிக்கையான மறுபக்கமும் உண்டு. மூக்கில் பாலிப் என்ற சதை வளர்ந்து வருடக்கணக்காக வாசனை தெரியாமல் இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு சில வாரங்களுக்கு வாசனையைத் திருப்பிக் கொடுக்கும். சதை சுருங்கி வழி திறப்பதால் இது நடக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் முதுகுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் எல்லாமே தூக்கலாக மணக்கிறது என்று திணறினால், அதுவும் மருந்தின் வேலையாக இருக்கலாம்.

இனி சர்க்கரை. எங்கள் பக்கத்தில் ஐம்பது தாண்டியவர்களில் சுகர் மாத்திரை போடாதவர்களைத் தேட வேண்டியிருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். முதல் இரண்டு மூன்று நாட்கள் அதிகமாகவும், சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் ஏறி நிற்கும். சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போய், உடம்பு வறண்டு, எச்சில் குறையும். எச்சிலில் கரைந்தால்தான் எந்தச் சுவையும் நாக்கின் மொட்டுகளுக்குள் போகும். வறண்ட நாக்குக்கு எல்லாமே மண்தான். பெரியம்மாவுக்கு வழக்கமாக வெறும் வயிற்றில் 140 சொச்சம் இருக்கும். சிக்கு அடிக்கிறது என்று சொன்ன நாளில் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 268. காரணத்தில் ஒரு பாதி அங்கே இருந்தது.

காலையில் எழுந்ததும் மட்டும் தொண்டையில் புளித்தும் கசந்தும் வந்தால் வயிற்றைப் பார்க்க வேண்டும். ஊசியோடு வலி மாத்திரையும் தொடர்ந்து போடுபவர்களுக்கு அமிலம் மேலே ஏறுவது சகஜம். அப்புறம், கால்வலிக்காகவே கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின், பிரிகாபாலின் போன்றவை வாயை உலர்த்தும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் வயிற்றுப்போக்குக்கான மெட்ரோனிடசோலும் இரும்புச் சுவைக்குப் பேர்போனவை. ஊசி போட்ட அதே வாரத்தில் புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்திருந்தால், பழியை ஊசியின்மேல் மட்டும் போட முடியாது. மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்பது அதனால்தான்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து ஆரம்பித்தால், வாயைத் திறந்து கண்ணாடியில் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் திரிந்த பால் ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. ஒரே ஊசியில் எல்லோருக்கும் வராது. சர்க்கரை உள்ளவர்கள், பல்செட் போட்டவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். மருந்து போட்டால் போய்விடும். சளி பிடித்து மூக்கு அடைத்தும் இதே காலத்தில் வாசனை போகலாம், அதற்கும் ஊசிக்கும் சம்பந்தமே இருக்காது.

காத்திருக்கக் கூடாதவை

களிம்புச் சுவை மட்டும் என்றால் பயமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து வரக்கூடிய சில விஷயங்களுக்கு மறுநாள்வரை பொறுக்கக் கூடாது.

சர்க்கரை உள்ளவருக்கு மூச்சில் அழுகிய பழமோ நகப்பூச்சு அழிக்கும் திரவமோபோல வாடை, கூடவே தீராத தாகம், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், விடாத தலைவலி, கழுத்து விறைப்பு வந்தாலும் அப்படியே, ஊசி போட்டுச் சில வாரங்கள் ஆகியிருந்தாலும்கூட. 2012-இல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்துபோன ஸ்டீராய்டு மருந்தால் 750 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பலருக்கு அறிகுறி வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளந்து, படுத்தால் அடங்கும் தலைவலி என்றால் உறையில் ஓட்டை விழுந்து நீர் கசிகிறது என்று பொருள், டாக்டரைக் கூப்பிட வேண்டும். கால் வலுவிழப்பது, சிறுநீர் மலம் அடங்காமல் போவது அல்லது வராமல் நிற்பது, பேச்சுக் குழறல், முகம் ஒருபக்கம் கோணுவது, பார்வை மங்குவது ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. இவை மிக அரிது. அரிது என்றாலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் இதற்காகத் தனி எச்சரிக்கையே வெளியிட்டது.

இன்னொன்று. இல்லாத நாற்றம் சில விநாடிகள் மட்டும் திடீரென்று வந்து, அந்த நேரத்தில் ஆள் விழித்த கண்ணோடு பேச்சற்று நின்றுபோனால் அது மூக்கின் கோளாறு அல்ல, ஒருவகை வலிப்பாக இருக்கலாம். நரம்பியல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதுவரை வீட்டில்

நாக்கின் சுவை அணுக்கள் ஏறக்குறைய பத்து நாட்களுக்கு ஒருமுறை புதிதாக முளைக்கின்றன. மூக்கின் வாசனை நரம்புகளும் புதுப்பித்துக்கொள்பவை, அதற்கு மாதக்கணக்கு ஆகும். ஸ்டீராய்டும் நாளுக்கு நாள் கரைந்து போகிறது. அதனால் இது பெரும்பாலும் தானாகவே விலகிவிடும். மாதம் தாண்டியும் மாறவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இந்த நாட்களில் நடக்கிற பெரிய தவறு உப்பு. ருசி தெரியவில்லை என்று ஒரு கை கூடப் போடுவோம். ஸ்டீராய்டு ஏற்கனவே உடம்பில் நீரையும் உப்பையும் பிடித்து வைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். அதன்மேல் நாமும் சேர்க்கக் கூடாது. கசப்பை மறைக்கக் கருப்பட்டியோ சர்க்கரையோ சேர்ப்பதும் அதே வகைத் தவறு. அதற்குப் பதில் எலுமிச்சை, கொத்தமல்லி, புதினா என்று போகலாம், வாயில் புண்ணோ நெஞ்செரிச்சலோ இல்லாவிட்டால். சூடான சாப்பாட்டில் ஆவி அதிகம், வாடையும் அதிகம். ஆறவைத்துச் சாப்பிட்டால் திரிந்த வாசனை அடங்கும். பெரியம்மா இடியாப்பத்தை ஆறவைத்துத் தேங்காய்ப்பாலோடு சாப்பிட்டுத்தான் அந்த வாரத்தைக் கடந்தார். எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் ஒதுக்கிவிட்டு, பரணிலிருந்து மங்குக் கோப்பை ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். அதில் காப்பி குடித்தபோது களிம்பு பாதியாகக் குறைந்தது என்றார். சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக் கரண்டி உப்போ சமையல் சோடாவோ போட்டுக் கொப்பளித்துத் துப்பலாம். நாக்கை மென்மையாக வழிக்கலாம். தண்ணீரை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் ஊசிக்குப் பிறகு குறைந்தது ஒரு வாரம் வழக்கத்தைவிட அடிக்கடிப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டுவது குறைப்பது டாக்டர் சொன்ன பிறகுதான்.

சமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூக்கு திரிந்திருக்கும் நாட்களில் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க உங்கள் மூக்கை நம்பி இருக்காதீர்கள். சிலிண்டர் வாயுவுக்கென்று சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாறும் பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் உங்களுக்கு மட்டும் தெரியாமல் போகலாம், அல்லது வேறு ஏதோ மணமாகத் தெரியலாம். ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிடுங்கள், வீட்டில் வேறு ஒருவரை மோந்து பார்க்கச் சொல்லுங்கள். மீந்த குழம்பு ஊசிப்போயிருக்கிறதா, பால் திரிந்திருக்கிறதா என்பதையும் அந்த நாட்களில் இன்னொரு மூக்குதான் சொல்ல வேண்டும்.

பெரியம்மாவை வற்புறுத்தி மதுரை டாக்டருக்குப் போன் போட வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என்றைக்கு ஆரம்பித்தது, சர்க்கரை எவ்வளவு, வாயில் வெள்ளை இருக்கிறதா, உதடு மரத்ததா என்று வரிசையாகக் கேட்டார். சுகர் டாக்டரைப் பார்த்து ஒரு வாரத்துக்கு மருந்தை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அடுத்த ஊசி தேவைப்பட்டால் மருந்தின் அளவை யோசிப்பதற்காக எல்லாவற்றையும் ஃபைலில் குறித்துக்கொண்டார். அந்த ஆவணி முகூர்த்த ஆர்டரை மட்டும் பெரியம்மா தன் தங்கை மகளை அடுப்பில் உட்காரவைத்து, தான் பக்கத்தில் நாற்காலியில் இருந்து கைப்பக்குவம் சொல்லி முடித்தார். பாகுப் பதத்தைக் கண்ணால் பார்த்தார், எண்ணெயின் சூட்டைச் சத்தத்தில் கேட்டார். மணம் பார்க்கும் வேலை அந்தப் பெண்ணுடையது.

பதினெட்டாம் நாள் காலையில் கறிக்கு வதக்கும்போது எண்ணெயில் கல்பாசி விழுந்தது. பச்சையாக இருக்கையில் அதற்குப் பெரிய மணம் கிடையாது, சூட்டில்தான் அந்த மண்ணும் புகையும் கலந்த மணம் எழும். பெரியம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "வந்துருச்சுப்பா." சாயங்காலம் ரிக்‌ஷா பிடித்து எண்ணெய்க் கடைக்குப் போய், திருப்பி அனுப்பிய அதே டின்னைக் கேட்டு வாங்கி, இன்னொன்றும் சேர்த்து இரண்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்.